பக்கவாதம்: தைலப் புட்டியைத் தேடாதீர்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டப்புறத்தில் ஒரு வீடு. விடிகாலையில் செம்பனைக் காட்டுக்குக் கிளம்பும் மாமா மைலோ குவளையை எடுக்கிறார். விரல்கள் பிடிக்கவில்லை, சட்டையெல்லாம் மைலோ. வாய் ஒரு பக்கம் கோணுகிறது, பேச்சு குழறுகிறது. "வாயுதான், கொஞ்சம் படுங்கள்" என்று அத்தை தைலம் தேடுகிறார். அதிலேயே அரைமணி போய்விடுகிறது. இது வாயு அல்ல, பக்கவாதம்: மூளையின் இரத்தக் குழாய் அடைபடுவது, அல்லது வெடித்துக் கசிவது.

விரல் நுனியில் ஊசி குத்தி இரத்தம் எடுப்பது வாட்ஸ்அப் வைத்தியம். அடைப்பு மூளையில் இருக்கிறது, விரலில் இல்லை. கிளினிக்கில் நம்பர் எடுத்துக் காத்திருப்பதும் வீண். 999-ஐ அழையுங்கள். அதுவரை தண்ணீரோ மைலோவோ கொடுக்க வேண்டாம். விழுங்கும் தசை செயலிழந்திருந்தால் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டாலும் அன்றே போக வேண்டும்.

ஆஸ்பிரின் கொடுப்பது நல்ல எண்ணத்தில் செய்யும் தவறு. வெளியிலிருந்து பார்த்தால் அடைப்பும் இரத்தக் கசிவும் ஒரே மாதிரிதான் தெரியும். கசிவாக இருந்தால் ஆஸ்பிரின் அதைக் கூட்டும். பிரஷர் மாத்திரையைக் கூடுதலாகப் போடுவதும் கூடாது. அழுத்தம் சட்டென்று இறங்கினால் தவிக்கும் பகுதிக்கு வரும் கொஞ்ச இரத்தமும் குறையும்.

இனி நான் அதிகம் கேட்கும் வாக்கியம்: "ஸ்கேனில் ஒன்றும் இல்லையாம்." அடைப்பாக இருந்தால் முதல் சில மணி நேரத்தில் சி.டி. ஸ்கேன் பெரும்பாலும் இயல்பாகவே தெரியும். அதை எடுப்பதே முதலில் கசிவு உண்டா என்று பார்க்கத்தான். கசிந்த இரத்தம் படத்தில் வெள்ளையாகத் தெரியும். அது இல்லையென்றால்தான் குழாயை அடைத்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போட முடியும். ஆகவே 'ஒன்றும் இல்லை' என்றால் வீட்டுக்குப் போகலாம் என்று அர்த்தமில்லை. சிகிச்சைக்கு வழி திறந்திருக்கிறது என்று அர்த்தம். எம்.ஆர்.ஐ. அடைப்பை மிக முன்னதாகவே காட்டும்தான். அதற்காக ஊசியைத் தள்ளிப் போடச் சொல்லி அடம் பிடிக்காதீர்கள்.

ஊசிக்கு வழக்கமான கெடு நாலரை மணி நேரம். பெரிய இரத்தக் குழாயில் அடைப்பு என்றால் கம்பிக்குழாய் செலுத்திக் கட்டியை இழுத்தெடுப்பார்கள். அதற்கு 6 மணி நேரம், ஸ்கேனில் காப்பாற்றக்கூடிய பகுதி தெரிந்தால் சிலருக்கு 24 மணி வரை.

கெடு எப்போதிலிருந்து? கண்டுபிடித்த நேரத்திலிருந்து அல்ல. கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து. தூக்கத்தில் வந்திருந்தால் படுக்கப்போன நேரமே கணக்கு. எனவே மாமாவைக் கடைசியாக நல்லபடி பார்த்தவரே ஆம்புலன்ஸில் ஏறட்டும். மாத்திரைப் பையும் கூடவே போகட்டும். அதில் இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் இருந்தால் ஊசி பற்றிய முடிவே மாறலாம்.