மார்கழிப் பனியில் மாரத்தான் பயிற்சி: கம்பம் பள்ளத்தாக்கு வீடுகளில் நடக்கும் தவறுகள்

ஐப்பசி மழை ஓய்ந்து கார்த்திகை பிறந்ததும் கம்பம், கூடலூர், உத்தமபாளையம் பக்கம் ஓடுகிறவர்களுக்குத் தனி உற்சாகம் வந்துவிடும். காற்று குளிர்ந்திருக்கும், வியர்வை தெரியாது, கால் தானாகப் போகும். ஜனவரி முதல் வாரம் சென்னை, மூன்றாம் ஞாயிறு மும்பை என்று பெயர் கொடுத்திருப்பார்கள். 42.195 கிலோமீட்டருக்கான பயிற்சி உச்சத்துக்குப் போவது இந்த இரண்டு மாதத்தில்தான். கெடுவதும் இதே இரண்டு மாதத்தில்தான். பெரும்பாலும் அது முந்தின நாள் சாயங்காலம் அடுக்களையில் கெட்டுப்போகிறது. காலையில் சாலையில் தெரியவருகிறது, அவ்வளவே.

காலண்டரைப் பார்க்காமல் போடும் திட்டம்

எங்கிருந்தோ எடுத்த 16 வார அட்டவணையை அப்படியே ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுகிறார்கள். அதற்கு அரையாண்டுத் தேர்வும் தெரியாது, ஐயப்ப சீசனும் தெரியாது. 30 முதல் 32 கிலோமீட்டர் வரையிலான நீள ஓட்டம் பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்னால் வரும். சென்னைக்கு என்றால் அது டிசம்பர் நடுவில் விழும். பிள்ளைகளுக்குத் தேர்வு, சாலை முழுக்க சபரிமலை வண்டிகள். காலையில் மூன்றரை மணி நேரம் வீட்டில் இல்லை, மதியம் அடித்துப் போட்டாற்போலத் தூக்கம் என்றால், கணக்குப் பாடத்துக்கு உட்காருவது யார் என்ற சண்டை அன்றைக்கே வரும்.

மும்பைக்கு என்றால் அதே ஓட்டம் டிசம்பர் கடைசியில் வருகிறது. பள்ளி விடுமுறை. மார்கழி என்பதால் கல்யாண முகூர்த்தமும் இல்லை. குடும்பஸ்தருக்கு இதைவிட வசதியான ஞாயிறு வருஷத்தில் வேறு கிடைக்காது. ஆனால் பந்தயத்துக்கு முந்தைய நாட்கள் பொங்கலில் போய் முட்டும். அதைக் கீழே பார்க்கலாம். எந்த ஊர்ப் பந்தயமானாலும், பெயர் கொடுப்பதற்கு முன்பே தேர்வு, மாலை போடும் நாள், சொந்தக்காரர் வீட்டு விசேஷம் எல்லாவற்றையும் தேதிக் காலண்டரில் வட்டம் போட்டுவிட்டு, மிச்சமிருக்கும் சனி ஞாயிறுகளை எண்ணுங்கள். பத்துக்குக் குறைந்தால் இந்த வருஷம் அரை மாரத்தானே போதும்.

இதோடு சேர்ந்தே வருவது, தவறவிட்ட ஓட்டத்தைப் பிடிக்கப் பார்ப்பது. போன வாரம் 24 கிலோமீட்டர் போகவேண்டியது, விசேஷத்தால் போகவில்லை. அதற்காக இந்த வாரம் 30 ஓடினால் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பிலோ குதிகால் நரம்பிலோ வலி தொடங்கும். வாரத்து மொத்தத் தூரம் முந்தைய வாரத்தைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் கூடாமல் இருப்பது நல்லது. விட்டது விட்டதுதான். கடைசியாக ஓடிய தூரத்தையே இன்னொரு முறை ஓடிவிட்டு மேலே போங்கள்.

சாலையும் நேரமும்

வெள்ளென ஐந்து மணிக்குச் சாலை காலியாக இருக்கும் என்பது வெளியூர்க்காரர் நினைப்பு. இங்கே அந்த நேரத்தில்தான் ஏலத்தோட்டத்து ஜீப்புகள் ஆளேற்றிக்கொண்டு கம்பம்மெட்டுக்கும் குமுளிக்கும் பறக்கும். கார்த்திகை முதல் தேதியிலிருந்து மகரவிளக்கு வரை, ராத்திரி முழுக்கத் தூங்காமல் வண்டி ஓட்டிவரும் வெளிமாவட்ட டிரைவர்களும் அதே சாலையில். சீசனில் கூட்டம் கூடும்போது போகிற வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாகத் திருப்பிவிடுவார்கள், வருகிறவை குமுளி வழியாக இறங்கும். ஆக இரண்டு மலைப்பாதையும் ஓட்டத்துக்கு ஆகாது. எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி வலது ஓரமாக ஓடுங்கள். நெஞ்சில் பிரதிபலிப்புப் பட்டை வேண்டும், தலையில் டார்ச் வேண்டும். பனி இறங்கிய காலையில் கறுப்பு டி-சர்ட் போட்ட ஆள் டிரைவர் கண்ணுக்குக் கிட்டே வந்த பிறகுதான் தெரிவார்.

ஏற்றப் பயிற்சிக்கு லோயர் கேம்பிலிருந்து குமுளி வரை ஆறேழு கிலோமீட்டர் ஏறுவதில் ஆசை எல்லோருக்கும் உண்டு. ஆனால் அது காட்டுப்பாதை. 2023 மே மாதம் அரிக்கொம்பன் என்ற காட்டு யானை கம்பம் நகருக்குள்ளேயே வந்துபோனதை இங்கே யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. இருட்டில் காட்டுப்பாதை வேண்டவே வேண்டாம். ஏறியே ஆகவேண்டும் என்றால் விடிந்த பிறகு, துணையோடு ஏறி, பஸ்ஸில் இறங்குங்கள். தொடைச் சதையைக் கிழிப்பது ஏற்றத்தைவிட இறக்கம்தான். இறக்கத்தில் தொடை நீண்டுகொண்டே பாரம் தாங்குகிறது. அந்த வலி மூன்றாம் நாள் வரை படிக்கட்டு இறங்க விடாது.

சமதளத்துக்குச் சுருளிப்பட்டி பக்கத்துத் திராட்சைத் தோட்டச் சாலைகள் அருமையானவை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். பனிக்காலத்தில் இலையில் ஈரம் நிற்பதால் அடிச்சாம்பல் நோய்க்கு மருந்தடிப்பது கூடும். விசைத்தெளிப்பான் சத்தம் கேட்டால் அந்தப் பக்கம் போகாமல் சுற்றிப் போங்கள். மூச்சு வாங்கும்போது சாதாரணமாக இழுப்பதைப்போலப் பல மடங்கு காற்று உள்ளே போகிறது.

குளிர் ஏமாற்றும் இடங்கள்

குளிர்ந்த காற்றில் இதயத் துடிப்பு குறைவாகவே நிற்கும். அதனால் கிலோமீட்டருக்கு இருபது முப்பது விநாடி வேகமாகப் போனாலும் சுகமாகத்தான் இருக்கும். இப்படி ஒவ்வொரு நீள ஓட்டத்தையும் பந்தயமாக ஆக்கிவிட்டு, புதன்கிழமை வரை கால் கனக்கிறது என்று வருத்தப்படுவார்கள். பக்கத்தில் வருகிறவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா? முடிந்தால் வேகம் சரி. வாரத்து ஓட்டத்தில் ஐந்தில் நாலு பங்கு இந்த வேகத்தில்தான் இருக்க வேண்டும்.

இன்னொன்று, பந்தய ஊர் கம்பம் மாதிரி இருக்காது. சென்னையில் ஜனவரியிலும் காற்று பிசுபிசுக்கும், மும்பையில் எட்டு மணிக்கு மேல் வெயில் ஏறிவிடும். உடம்பு சூட்டுக்குப் பழகப் பத்து முதல் பதினாலு நாள் தேவை. கடைசி மூன்று வாரத்தில், வாரத்துக்கு இரண்டு மூன்று சின்ன ஓட்டங்களை வெயில் ஏறிய பிறகு, எட்டு மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டே கிளம்பலாம் என்பதால் வீட்டிலும் முணுமுணுப்பு குறையும்.

தண்ணீர் விஷயத்தில் குளிர் இன்னும் மோசமாக ஏமாற்றும். தாகம் எடுக்காது, ஆனால் வியர்வை போய்க்கொண்டேதான் இருக்கும். அளந்து பார்ப்பது சுலபம். ஒன்றும் குடிக்காமல் ஒரு மணி நேரம் ஓடுங்கள், போகும்போதும் வந்ததும் உடம்பைத் துடைத்துவிட்டு எடை பாருங்கள். 600 கிராம் குறைந்திருந்தால் மணிக்கு 600 மில்லி போகிறது என்று கணக்கு. நீள ஓட்டத்தில் அதில் முக்கால் பங்கைத் திருப்பிக் கொடுத்தால் போதும். வந்து எடை பார்க்கையில் கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறீர்கள். ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போவது தாகத்தைவிட ஆபத்தானது. ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சீனி, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டுமே தலைதட்டி. எலுமிச்சை பிழிவது உங்கள் விருப்பம்.

ஓடி முடித்ததும் ஈர பனியனோடு டீக்கடையில் நிற்பது இந்த ஊர்ப் பழக்கம். ஐந்தே நிமிடத்தில் உடம்பு சில்லிட்டுவிடும். மாற்று பனியன் ஒன்றை வண்டியில் வையுங்கள். காய்ச்சலோ நெஞ்சுச்சளியோ இருந்தால் ஓட்டமே வேண்டாம். வெறும் மூக்கடைப்பு என்றால் மெதுவாக அரை மணி நேரம் போகலாம்.

அடுக்களை

பெரிய தவறு, ஓடுகிறவருக்குத் தனிச் சமையல். வீட்டில் நாலு பேருக்குச் சோறும் குழம்பும், ஒருவருக்கு மட்டும் ஓட்ஸும் வேகவைத்த கோழியும் என்று இரண்டு அடுப்பு எரிந்தால் மூன்றாவது வாரம் யாரோ ஒருவர் கரண்டியைக் கீழே வைத்துவிடுவார். வைப்பதில் நியாயமும் இருக்கிறது. உலை ஒன்றாக இருக்கட்டும், தட்டில் அளவு மாறட்டும். நீள ஓட்டத்துக்கு முந்தின நாள் உங்கள் தட்டில் சோறு கூடுதல், வெஞ்சனம் குறைச்சல். ஓட்டம் இல்லாத நாள் அப்படியே நேர்மாறு.

மாவு புளிக்காதது மார்கழியின் தனிப் பிரச்சினை. சித்திரையில் எட்டு மணி நேரத்தில் பொங்கும் இட்லி மாவு இப்போது பன்னிரண்டு, பதினாலு மணி நேரம் கேட்கும். சனி ராத்திரி ஒன்பதுக்கு ஆட்டினால் ஞாயிறு காலை இட்லி கல்லாக வரும், அதைத் தின்றுவிட்டு ஓடினால் வயிறு பிடிக்கும். மதியம் இரண்டு மணிக்கே ஆட்டிவிடுங்கள். உளுந்தோடு ஒரு டீஸ்பூன் வெந்தயம் ஊறட்டும். உப்பைப் போட்டுக் கையாலேயே கலக்கி, வெதுவெதுப்பான தண்ணீர் உள்ள அகலப் பாத்திரத்துக்குள் மாவுச் சட்டியை இறக்கி, மேலே துணி போட்டு மூடுங்கள். ஆட்டும்போது தண்ணீரைக் குறைப்பது நல்லது. நீர்த்த மாவு குளிரில் பொங்காது, புளிப்பு மட்டும் ஏறும்.

ராத்திரிச் சாப்பாடு ஒன்பதரைக்கு, ஓட்டம் ஐந்துக்கு என்றால் தூக்கமும் போச்சு, வயிறும் போச்சு. ஏழரைக்குள் சாப்பாடு, ஒன்பதுக்குப் படுக்கை. சீரியல் பார்க்கிறவர்களைத் திட்டிப் பயனில்லை, நீங்கள் வேறு அறைக்குப் போங்கள்.

வெறும் வயிற்றில் ஓடினால் கொழுப்பு கரையும் என்று 25 கிலோமீட்டருக்கும் ஒன்றும் தின்னாமல் கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு மேற்பட்ட ஓட்டத்துக்கு முன்னால் 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவை. நல்ல பருமனான ஒரு நேந்திரம்பழத்தில் சுமார் 40 கிராம் இருக்கிறது. அவித்தால் செரிப்பதும் சுலபம். வழியிலும் மணிக்கு 30 முதல் 60 கிராம். 40 கிராம் உலர்திராட்சையில் 30 கிராமுக்குக் கொஞ்சம் மேலேயே இருக்கும். கடலை மிட்டாய் கையில் எடுத்துப் போகாதீர்கள், கடலையில் உள்ள கொழுப்பு ஓடும்போது வயிற்றிலேயே தங்கும். ஓடி வந்த பிறகு அதே மிட்டாய் நல்ல தீனி.

வந்து ஒரு மணி நேரத்துக்குள் 20 முதல் 25 கிராம் புரதம் உள்ளே போகவேண்டும். எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்துப் புட்டும் கடலைக் கறியும் இதற்கென்றே பிறந்த மாதிரி. 60 கிராம் கறுப்புக் கொண்டைக்கடலையை முந்தின ராத்திரி ஊறப்போட்டால் அதில் 11, 12 கிராம் புரதம். கூட இரண்டு முட்டை, கணக்கு முடிந்தது. ராத்திரியே கடலையை ஐந்தாறு விசில் விட்டு வைத்துவிட்டால் காலையில் தாளிப்பது பத்து நிமிட வேலை. அதே கறி பிள்ளைகளின் டிபன் பாக்ஸுக்கும் போகும்.

மாலை போட்டிருக்கும் 41 நாளில் வீடே சைவம். புரதம் சரிவது அப்போதுதான். 60 கிலோ எடைக்கு நாளுக்கு 70 கிராமுக்குக் குறையாமல் வேண்டும். அந்தக் கடலையோடு அரை லிட்டர் பால், 300 கிராம் தயிர், 50 கிராம் நிலக்கடலை சேர்த்தால் ஏறக்குறைய 50 வந்துவிடும், மிச்சத்தைச் சோறும் பருப்பும் பார்த்துக்கொள்ளும். மார்கழி மொச்சை வரத்து வேறு இருக்கிறது. விரதத்தில் வெறுங்காலோடு நடப்பது சரி; ஆனால் பழக்கமில்லாத பாதத்தோடு வெறுங்காலில் 15 கிலோமீட்டர் ஓடுவது வேறு விஷயம், பாத எலும்பில் விரிசல் விழலாம். அந்தக் காலத்தில் ஷூ போட மனம் ஒப்பாதவர்கள் தூரத்தைக் குறைத்து மண் பாதையில் ஓடுங்கள்.

சாப்பிட்ட கையோடு டீ குடிப்பது, குறிப்பாக ஓடும் பெண்களுக்கு, பெரிய நஷ்டம். பெண்களுக்கு நாளுக்கு 29 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2020 பரிந்துரை. முருங்கைக்கீரை வதக்கிப் போட்டுவிட்டு மேலேயே டீயை ஊற்றினால் அதிலுள்ள டானின் இரும்பை உடம்பில் ஏற விடாது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

பொங்கலும் கடைசி மூன்று நாளும்

மும்பைக்குப் போகிறவர்களுக்குப் பொங்கல் உண்மையில் வரம். கடைசி இரண்டு மூன்று நாள் உடம்பில் மாவுச்சத்தைச் சேர்க்க வேண்டும். எடையில் கிலோவுக்கு 7 கிராமாவது என்று வைத்தால் 60 கிலோ ஆளுக்கு 420. காலையும் ராத்திரியும் ஆறாறு இட்லி 120, மதியம் அரைக் கிலோ சோறு 140, இரண்டு நேந்திரம்பழம் 80, ஒரு பெரிய கிண்ணம் சர்க்கரைப் பொங்கல் 75. மொத்தம் 415, குறை தீர ஒரு டம்ளர் பால். உங்களுக்கு எடுக்கும் கிண்ணத்தில் மட்டும் நெய்யைப் பாதியாக்குங்கள்.

இங்கே வழுக்கி விழுகிறவர்கள் சத்தான சாப்பாட்டுக்காரர்கள்தான். கேழ்வரகுக் களி, கொள்ளு ரசம், மொச்சைக் குழம்பு எல்லாம் பயிற்சிக் காலத்துக்கு நல்லவை. ஆனால் பந்தயத்துக்கு முந்தின நாள் அந்த நார்ச்சத்து முப்பதாவது கிலோமீட்டரில் கழிப்பறை தேட வைக்கும். அந்த ஒரு நாள் வெள்ளைச் சோறுதான் உத்தமம். பனங்கிழங்கு திரும்பி வந்த பிறகு.

விடுதியில் காலை மூன்று மணிக்கு யாரும் இட்லி அவித்துத் தரமாட்டார்கள். சென்னைக்குப் போகிறவர்கள் சனிக்கிழமை கிளம்பும்போதே இட்லியை நன்றாக ஆறவிட்டு, காரமில்லாத பொடியும் கொஞ்சமாக நல்லெண்ணெயும் தடவி வாழையிலையில் கட்டிவிடலாம்; இந்தக் குளிரில் மறுநாள் காலை வரை தாங்கும். மும்பைத் தூரத்துக்கு அது ஆகாது. முக்கால் பழுப்பில் ஆறு நேந்திரங்காயாகப் பார்த்து வாங்கிப் பையில் போடுங்கள், ஞாயிற்றுக்கிழமைக்குள் பழுத்துவிடும்.