ஸ்பானிஷில் 'பேசாதே', 'சாப்பிடாதே' என்று சொல்வது எப்படி?

ஸ்பானிஷில் 'பேசு' என்பதற்கு 'ஆப்லா' என்று படித்த கையோடு, முன்னால் ஒரு 'நோ' போட்டால் 'பேசாதே' ஆகிவிடும் என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். ஆகாது. 'நோ ஆப்லா' என்றால் 'அவர் பேசுவதில்லை' என்றுதான் கேட்பவருக்குப் புரியும். 'பேசாதே' என்பது 'நோ ஆப்லெஸ்'.

இந்த 'எஸ்' எங்கிருந்து வந்தது? முதலில் 'நான் பேசுகிறேன்' என்ற நிகழ்கால வடிவத்தை எடுங்கள், அது 'ஆப்லோ'. கடைசி 'ஓ'வை வெட்டிவிட்டு, அந்த வினைச்சொல்லுக்கு வழக்கமாக வரும் உயிரெழுத்துக்கு நேர்மாறானதைப் போடுங்கள்: 'ஆர்' என்று முடியும் வினைகளுக்கு 'எஸ்', 'ஏர்' அல்லது 'ஈர்' என்று முடிபவைக்கு 'ஆஸ்'. கொமேர் (சாப்பிட) என்றால் கோமோ, அதிலிருந்து நோ கோமாஸ். எஸ்கிரிபீர் (எழுத) என்றால் எஸ்கிரீபோ, அதிலிருந்து நோ எஸ்கிரீபாஸ். அவ்வளவுதான் விதி.

நேராக அடிச்சொல்லிலிருந்தே போகலாமே, எதற்கு 'நான்' வடிவத்தைச் சுற்றி வர வேண்டும் என்று கேட்கலாம். ஒழுங்கான வினைகளுக்கு இரண்டும் ஒன்றுதான், ஆனால் நாளைக்கு 'தெங்கோ' (வைத்திருக்கிறேன்), 'தீகோ' (சொல்கிறேன்), 'சால்கோ' (வெளியே போகிறேன்) மாதிரி கோணல் வினைகள் வரும்போது 'நோ தெங்காஸ்', 'நோ தீகாஸ்', 'நோ சால்காஸ்' என்று இதே வழியில் தானாக வந்து விழும். அதனால் இப்போதே பழகிக்கொள்வது நல்லது.

'நீங்கள்' என்று மரியாதையாகச் சொல்ல வேண்டுமா? கடைசி 'ஸ்'ஸை மட்டும் எடுத்துவிடுங்கள்: நோ ஆப்லே, நோ கோமா. பலரிடம் சொன்னால் 'ன்' சேரும்: நோ ஆப்லென், நோ கோமான். இங்கே ஒரு நிம்மதி என்னவென்றால், மரியாதை வடிவத்தில் 'பேசுங்கள்' என்பதும் 'ஆப்லே'தான், அதனால் வெறும் 'நோ' சேர்த்தாலே போதும். ஸ்பெயினில் நண்பர் கூட்டத்தைப் பார்த்துச் சொல்லும்போது மட்டும் நோ ஆப்லேயிஸ், நோ கோமாயிஸ் என்பார்கள். லத்தீன் அமெரிக்காவுக்கு இது வேண்டாம்.

எழுதும்போது ஒரு விஷயம் கவனியுங்கள். தொக்கார் (தொட) வினையில் இருக்கும் 'சி' (c) எழுத்துக்குப் பின்னால் 'இ' (e) எழுத்து வந்தால் 'க' ஒலி கெட்டுவிடும், அதைக் காப்பாற்ற 'சி'க்குப் பதிலாக 'க்யூ', 'யூ' (qu) இரண்டையும் சேர்த்து எழுதுவார்கள். காதுக்கு எந்த மாற்றமும் இல்லை, நோ தோக்கெஸ்தான். 'கார்' என்று முடியும் எல்லா வினைக்கும் இதே கதி.

அப்புறம் 'அதை', 'என்னை' போன்ற சிறு சொற்கள். 'அதைத் தொடு' என்றால் 'தோக்கலோ' என்று வாலில் ஒட்டும். 'அதைத் தொடாதே' என்றால் அந்தச் சிறு சொல் இடம் மாறி, 'நோ'வுக்கும் வினைக்கும் நடுவில் தனியாக நிற்கும்: நோ லோ தோக்கெஸ். 'என்னைக் கூப்பிடாதே' என்பது நோ மே யாமெஸ். இரண்டையும் ஜோடியாக, மாற்றி மாற்றி வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள், பேச்சில் தடுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அறிவிப்புப் பலகையில் 'நோ ஃபுமார்' என்று பார்த்துவிட்டு குழம்ப வேண்டாம். பொதுவான தடைக்கு வினையை அப்படியே எழுதுவது அங்கே வழக்கம். பக்கத்தில் புகைக்கும் நண்பனிடம் சொல்வதென்றால் 'நோ ஃபூமெஸ்'.