பெடல் ஸ்டீல் கிட்டாருக்கு ரிவெர்ப் பெடல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒலிக்குப் பின்னால் ரீங்காரம் சேர்க்கும் ரிவெர்ப் பெடல்களில் எது நல்லது என்று தேடினால் கிடைக்கும் அறிவுரைகள் பெரும்பாலும் சாதாரண எலெக்ட்ரிக் கிட்டார் வாசிப்பவர்களுக்காகச் சொன்னவை. அவற்றை அப்படியே பெடல் ஸ்டீலுக்கு எடுத்துக்கொள்வதுதான் முதல் தவறு. மற்ற தவறுகள் பலவும் அதிலிருந்தே கிளைக்கின்றன.

பெடல் ஸ்டீல் மேசை போலக் கால்களில் நிற்கும். வாசிப்பவர் அதன் பின்னால் உட்கார்ந்து, கனமான ஸ்டீல் பாரைக் கம்பிகளின் மேல் நகர்த்துவார். நம் கோட்டு வாத்தியம் போலத்தான். சுருதி எங்கே நிற்க வேண்டும் என்பதைக் காதுதான் சொல்லும். இடது கால் கம்பிகளின் சுருதியை மாற்றும் கீழேயுள்ள பெடல்களில், முழங்கால்கள் அதே வேலைக்கான லிவர்களில், வலது கால் வால்யூம் பெடலில். இந்த வால்யூம் பெடலின் வேலை சத்தத்தைக் கூட்டிக் குறைப்பதோடு முடிவதில்லை. மீட்டும்போது அதைப் பாதியளவில் வைத்திருந்து, ஒலி தேயத் தேய மெல்ல அழுத்திக்கொண்டே போவார்கள். ஸ்வரம் தேயாமல் நீண்டு நிற்பது போலக் கேட்கும். அதாவது, ரிவெர்ப் செய்ய வேண்டிய வேலையில் ஒரு பங்கை வலது கால் ஏற்கெனவே செய்துவிடுகிறது. இதை மனதில் வைத்துத்தான் பெடல் தேட வேண்டும்.

ரிவெர்பை வால்யூம் பெடலுக்கு முன்னால் மாட்டுவது

சிலர் கிட்டாரிலிருந்து வரும் கேபிளை நேராக ரிவெர்பில் செருகி, அதற்குப் பிறகு வால்யூம் பெடலை மாட்டுகிறார்கள். அப்போது காலைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் ஸ்வரத்தோடு அதன் ரீங்காரமும் சேர்ந்து அறுந்துபோகும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ரிவெர்பாக இருந்தாலும் இந்த வரிசையில் திக்கித் திக்கித்தான் ஒலிக்கும். கிட்டார், வால்யூம் பெடல், டிலே (ஒலியைச் சற்றுத் தாமதித்துத் திருப்பித் தரும் பெடல்) இருந்தால் அது, கடைசியில் ரிவெர்ப், பிறகு ஆம்ப் என்பதே பொதுவாகப் பொருந்தும் வரிசை. காலைத் தூக்கினால் புதிய ஒலி நிற்கும், பழைய ஒலி தானாக அடங்கும். பெடலை மாற்றலாம் என்று யோசிப்பவர்கள் முதலில் இந்த வரிசையைச் சரிபார்த்துவிடுங்கள்.

டீகேயை நீட்டி வைப்பது

டீகே என்பது ரீங்காரம் அடங்க எடுக்கும் நேரம். அதை நீட்டி வைப்பதுதான் அதிகம் பேர் செய்யும் தவறு. ஏன் தவறு என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

1954-இல் வெளிவந்த கண்ட்ரி பாடகர் வெப் பியர்ஸின் ஒரு ஹிட் பாட்டில் ஸ்டீல் வாசித்த பட் ஐசக்ஸ், ஒலித்துக்கொண்டிருக்கும் கம்பியின் சுருதியைப் பெடலால் மேலே ஏற்றினார். ஒரு கம்பி அசையாமல் நிற்க, அதன் பக்கத்துக் கம்பி வழுக்கி மேலே போகும் அந்த அழகுதான் இந்த வாத்தியத்தின் அடையாளமாகிவிட்டது. இன்று நாஷ்வில் பாணியில் பரவலாக இருக்கும் ஈ9 டியூனிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஈ-யை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால், முதல் பெடல் பஞ்சமக் கம்பிகளைச் சதுஸ்ருதி தைவதத்துக்கு ஏற்றும். இரண்டாவது பெடல் அந்தர காந்தாரத்தைச் சுத்த மத்யமத்துக்கு ஏற்றும். இரண்டையும் சேர்த்து மிதித்தால் ஒரு கார்டு இன்னொரு கார்டாக மாறிவிடும்.

இப்போது ரிவெர்பின் டீகே 3 வினாடி என்று வையுங்கள். பாட்டு நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் போகிறது. ஒரு அடிக்கு அரை வினாடி. நீங்கள் மத்யமத்துக்கு வந்த பிறகும் முந்தைய காந்தாரம் அடுத்த ஆறு அடி வரை பின்னால் முனகிக்கொண்டிருக்கும். அரை ஸ்வரத் தூரத்தில் இருக்கும் இரண்டும் ஒன்றோடொன்று உரசும். பெடல் நகர்வு தெளிவாகக் கேட்க வேண்டிய இடத்தில் கலங்கல்தான் கேட்கும். பாரை வழுக்கும்போதும் இதே கதை. வழியில் தொட்ட சுருதிகளின் சாயல் எல்லாம் மேலே மிதக்கும். ஃப்ரெட்டு உள்ள கிட்டாரில் இந்தத் தொல்லை இவ்வளவு தெரியாது.

என்னைக் கேட்டால், பாண்டோடு வாசிக்க ஒன்றரை வினாடியை ஒட்டி டீகே வைத்து, மிக்ஸையும் (மொத்த ஒலியில் ரிவெர்பின் பங்கு) குறைவாக வைத்தால் போதும். மெதுவான பாட்டுக்குக் கொஞ்சம் கூட்டலாம். ரிவெர்பை அணைத்தால் ஏதோ குறைகிறது என்று தெரிய வேண்டும். போட்டிருக்கும்போது ரிவெர்ப் தனியாகக் காதில் விழக் கூடாது. வாங்கும் பெடலில் குறைந்த டீகேயும் குறைந்த மிக்ஸும் நன்றாக ஒலிக்கின்றனவா என்று பாருங்கள். நாப்பைக் கடைசி வரை திருப்பினால் பிரமாதமாகவும், ஒன்பது மணி நிலையில் தகர டப்பா போலவும் ஒலிக்கும் பெடல்கள் உண்டு. விளம்பர வீடியோக்களில் அந்த ஒன்பது மணி நிலையைக் காட்டுவது அரிது.

ப்ரீ-டிலே நாப் இருந்தால் நல்லது. மீட்டிய ஒலிக்கும் ரிவெர்ப் தொடங்குவதற்கும் இடையே 20 முதல் 40 மில்லி வினாடி விட்டால், விரல் பிக்கின் முதல் தொடுகை துலக்கமாகக் கேட்கும். 30 மில்லி வினாடியில் ஒலி சுமார் 10 மீட்டர் போகும்; சுவர் சற்று விலகி நிற்பது போன்ற உணர்வு வரும்.

கண்ட்ரி இசை என்றால் ஸ்பிரிங் என்று முடிவு கட்டுவது

சுருள்கம்பியின் அதிர்வால் ரீங்காரம் தரும் ஸ்பிரிங் ரிவெர்புக்கு இந்த வாத்தியத்தோடு பழைய உறவு இருக்கிறது என்பது உண்மைதான். ஹாமண்ட் ஆர்கனுக்காக வளர்ந்த ஸ்பிரிங்கை ஃபெண்டர் 1961-இல் தனிப் பெட்டியாகவும், 1963-இல் வைப்ரோவெர்ப் ஆம்புக்குள்ளேயும் கொண்டுவந்தது. பின்னால் வந்த ட்வின் ரிவெர்ப் ஸ்டீல் வாசிப்பவர்களின் செல்ல ஆம்ப். ஆனால் அந்தக் கால ரெக்கார்டுகளில் ஸ்டீலைச் சுற்றிக் கேட்கும் அந்த வழவழப்பு ஆம்பின் ஸ்பிரிங்கிலிருந்து மட்டும் வந்ததில்லை. ஸ்டுடியோக்களில் எதிரொலி அறைகள் இருந்தன. 1957-இல் வந்த ஈ.எம்.டி. 140 போன்ற பிளேட்டுகள் இருந்தன. ஏறக்குறைய 270 கிலோ எடையுள்ள பெட்டிக்குள் தொங்கும் பெரிய எஃகுத் தகடு அது. அந்தச் சாயல் வேண்டுமென்றால் தேட வேண்டியது நல்ல பிளேட்.

ஸ்பிரிங்கில் இன்னொரு சிக்கல். ஸ்டீல் வாசிப்பவர்கள் கட்டைவிரலில் ஒரு பிக்கும் மற்ற விரல்களில் உலோகப் பிக்குகளும் மாட்டுகிறார்கள். கூர்மையான அந்தத் தொடுகை ஸ்பிரிங்கில் பட்டதும் ‘ப்ளிங்’ என்று சொட்டுவது போல ஓர் ஒலி எழும். சர்ஃப் கிட்டாருக்கு அது உயிர். மூன்று கம்பிகளைச் சேர்த்து மென்மையாக மீட்டும் ஸ்டீலுக்கு அது உறுத்தல். ஸ்பிரிங்கை மட்டுமே தரும் பெடலை வாங்குவதற்கு முன் இதை யோசியுங்கள். ஸ்ட்ரைமன் ஃபிளின்ட் போல ஸ்பிரிங், பிளேட், ஹால் மூன்றும் உள்ளதோ, பாஸ் ஆர்வி-6 போல வகைகளை மாற்றிக்கொள்ளும் வசதி உள்ளதோ கையில் இருந்தால் உங்கள் காதே முடிவு சொல்லிவிடும்.

ட்ரூ பைபாஸ் என்ற சொல்லில் மயங்குவது

ட்ரூ பைபாஸ் என்றால், அணைத்ததும் சிக்னல் பெடலின் சுற்றைத் தொடாமல் நேராகப் போய்விடும். அப்படி அட்டையில் போட்டிருந்தால் உசத்தி என்ற எண்ணம் பரவிக் கிடக்கிறது. ஸ்டீல் வாசிப்பவர் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

பேட்டரி இல்லாத சாதாரண வால்யூம் பெடலுக்குள் இருப்பது பொதுவாக 500 கிலோ ஓம் பாட், அதாவது திருப்பத் திருப்பத் தடை மாறும் பாகம். கால் பாதியில் நிற்கும்போது அதன் வெளிப்பக்கத் தடை 125 கிலோ ஓமை நெருங்கும். கிட்டார் கேபிளின் கெப்பாசிட்டன்ஸ் மீட்டருக்குச் சுமார் 100 பிகோ ஃபாரட். வால்யூம் பெடலிலிருந்து ஆம்புக்கு 6 மீட்டர் கேபிள் ஓடினால் 600 பிகோ ஃபாரட். இவை இரண்டும் சேர்ந்தால் 2,000 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலேயே ட்ரெபிள் சரியத் தொடங்கிவிடும். அதைவிட மோசம், காலின் நிலை மாற மாற இந்தச் சரிவும் மாறும். ட்ரூ பைபாஸ் ரிவெர்பை அணைத்ததும் ஒலி திடீரென மங்குவதற்குக் காரணம் இதுதான். பெடல் ஓடும்போது அதன் உள்ளீட்டுச் சுற்று கேபிளின் சுமையைத் தடுத்து நின்றது. அணைத்ததும் அது விலகிக்கொண்டது.

ஆகவே, வால்யூம் பெடலுக்குப் பக்கத்திலேயே சின்ன கேபிளில் மாட்டிய, பஃபர் (அணைத்திருந்தாலும் கேபிளின் சுமையைத் தடுத்து நிற்கும் சிறு சுற்று) உள்ள ரிவெர்ப் பெடல் இங்கே நன்மைதான் செய்யும். டிசி எலெக்ட்ரானிக்கின் ஹால் ஆஃப் ஃபேம் பெடலில் ட்ரூ பைபாஸா பஃபரா என்பதை உள்ளே இருக்கும் சின்ன சுவிட்சால் மாற்றிக்கொள்ளலாம். பஃபர் இருந்தால் கிடைக்கும் இன்னொரு வசதி, அணைத்தாலும் மிச்ச ரீங்காரம் அறுந்து போகாமல் அடங்குமாறு சில பெடல்களில் அமைத்துக்கொள்ள முடிவது. உள்ளீட்டு இம்பீடன்ஸ் 1 மெகா ஓமை ஒட்டி இருக்கிறதா என்றும் பாருங்கள். மிகக் குறைவாக இருந்தால் ஒலி மங்குவதோடு, வால்யூம் பெடல் சீராக ஏறாமல் கடைசியில் குபீரென்று ஏறும்.

ஸ்டீல் பிக்கப்புகள் (கம்பியின் அதிர்வைச் சிக்னலாக்கும் காந்தச் சுருள்கள்) வலுவான சிக்னல் தருபவை. 17, 18 கிலோ ஓம் வரை சுற்றியவை சாதாரணம். சாதாரண கிட்டாரின் சிங்கிள் காயில் பெரும்பாலும் 6, 7-க்குள் அடங்கிவிடும். மலிவான டிஜிட்டல் ரிவெர்புகள் சில இந்த வலுவைத் தாங்காமல் கரகரக்கும். வால்யூம் பெடலை முழுதாக அழுத்தி, பத்தாவது கம்பியைக் கட்டைவிரல் பிக்கால் ஓங்கி மீட்டினால் உடனே தெரிந்துவிடும்.

காலால் மிதிக்கும் வசதிக்குக் காசு கொடுப்பது

டேப் டெம்போ (தாளத்தைத் தட்டிச் சொல்வது), ப்ரீசெட் (சேமித்து வைத்த செட்டிங்) என்று மூன்று நான்கு சுவிட்ச் உள்ள பெரிய பெடல்கள் கவர்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால் வாசிக்கும்போது உங்களுக்கு எந்தக் கால் சும்மா இருக்கிறது? வலது காலை வால்யூம் பெடலிலிருந்து எடுத்தால் ஒலியின் கட்டுப்பாடு போய்விடும். அதனால்தான் பலர் ரிவெர்பைத் தரையில் வைப்பதே இல்லை. ஸ்டீலின் காலில் பொருத்திய தட்டிலோ பக்கத்து ஸ்டாண்டிலோ கையெட்டும் உயரத்தில் வைத்து, பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே நாப்பைத் திருப்பிக்கொள்கிறார்கள். இருட்டு மேடையில் தடவிப் பார்த்தே அடையாளம் தெரியும் பெரிய நாப்கள் எத்தனை ப்ரீசெட்டுகளையும்விட உதவும். கையால் தட்டும்போது சுவிட்ச் ‘டக்’ என்ற சத்தமில்லாமல் விழுகிறதா என்பதையும் பாருங்கள்.

ரீங்காரத்தை அசைத்துக் காட்டும் மாடுலேஷனும், மேல் ஸ்தாயியைக் கலக்கும் ஷிம்மரும்கூடப் பெரும்பாலும் வேண்டாதவை. பாரின் அசைவே போதுமான கமகத்தைத் தந்துவிடுகிறது; அதன் மேல் இன்னோர் அசைவு சேர்ந்தால் சுருதி சரியாக நிற்கிறதா என்று உங்களுக்கே தெரியாது. இசைத் தயாரிப்பாளர் டானியல் லான்வா போல ஸ்டீலை மேகம் மாதிரி விரித்து வாசிப்பதுதான் நோக்கம் என்றால் நான் மேலே சொன்ன டீகே கணக்கும் பொருந்தாது. அங்கே கலங்கலே இசை. அதற்கு நீண்ட ரிவெர்ப் தரும் பெரிய பெடல்தான் சரி.

சின்னச் சின்னவை சில. ஆம்பின் ரிவெர்பையும் பெடலின் ரிவெர்பையும் சேர்த்துப் போடாதீர்கள்; ஒன்று போதும். ஆம்பில் உள்ளது உங்களுக்குப் பிடித்திருந்தால் பெடலே தேவையில்லை. இரண்டு ஆம்ப் இல்லாமல் ஸ்டீரியோவுக்காகக் கூடுதல் விலை தர வேண்டாம். மின்சாரத் தேவையைப் பாருங்கள்: ஆர்வி-6-க்கு 95 மில்லி ஆம்பியர், ஸ்ட்ரைமன் வகைகளுக்கு 250, 300 என்று போகும். எல்லாப் பெடலுக்கும் ஒரே அடாப்டரிலிருந்து கிளை பிரித்தால் இரைச்சல் வரலாம். சிங்கிள் காயில் பிக்கப் உள்ள ஸ்டீலில் அடாப்டர் பக்கத்தில் இருந்தாலே ‘ம்ம்ம்’ என்று இழுக்கும்.

வீட்டில் வைத்த செட்டிங்கை மேடைக்கு அப்படியே கொண்டுபோகவும் கூடாது. மெத்தையும் திரைச்சீலையும் உள்ள அறை ஒலியை விழுங்கும். அங்கே நமக்குக் கொஞ்சம் கூடுதல் ரிவெர்ப் கேட்கத் தோன்றும். பெரிய மண்டபம் தன் பங்குக்கு எதிரொலியைச் சேர்க்கும். போனதும் மிக்ஸைக் குறைத்துவிட்டுத்தான் சவுண்ட் செக்குக்கே உட்கார வேண்டும். ரெக்கார்டிங் என்றால் ரிவெர்ப் இல்லாமல் பதிவு செய்து கொடுங்கள். பிறகு சேர்க்கலாம், பதிந்ததை எடுக்க முடியாது. சாதகம் செய்யும்போதும் அணைத்துவிடுங்கள். ரிவெர்ப் சுருதிப் பிசகை மூடி மறைக்கும், காது சோம்பேறியாகிவிடும்.

கடைக்குப் போகும்போது முடிந்தால் ஸ்டீலையும், கட்டாயம் உங்கள் வால்யூம் பெடலையும் எடுத்துப் போங்கள். அங்கே கிட்டாரில் சோலோ வாசித்துப் பார்ப்பதில் பயனில்லை. ஸ்டீலில் ஒரு கார்டை மீட்டி, இரண்டு பெடல்களையும் மிதித்து, விட்டு, மறுபடி மிதித்துப் பாருங்கள். பிறகு வால்யூம் பெடலை மெல்லத் திறந்து ஒரே ஸ்வரத்தை வளரவிடுங்கள். கடைசியாக ரிவெர்பை அணைத்து, கால் பாதியில் இருக்கும்போது ட்ரெபிள் அப்படியே இருக்கிறதா என்று கேளுங்கள். ஸ்டீலை எடுத்துப் போக முடியாதவர்கள் திருப்பிக் கொடுக்க அவகாசம் தரும் கடையில் வாங்கி, முதல் நாளே இதை வீட்டில் செய்து பார்த்துவிடுவது நல்லது.