வரவேற்பு விருந்துக்கு மாம்பழப் பஞ்ச்: கணக்கு, கலவை, பரிமாறல்

கிருஷ்ணகிரியைச் சுற்றி மாங்கூழ் ஆலைகள் இத்தனை இருந்தும், நம் பக்கத்துக் கல்யாண வரவேற்புகளில் வாசலில் நீட்டப்படும் வெல்கம் டிரிங்க் பெரும்பாலும் சாயப்பொடி கரைத்த சர்க்கரைத் தண்ணீராகவோ, வெளியூரில் அடைத்து வந்த பாட்டில் பானமாகவோதான் இருக்கிறது. அதற்கு ஆகும் செலவிலேயே, ஏறக்குறைய அதே ஆள்பலத்தில், ஒரு நல்ல மாம்பழப் பஞ்சை வீட்டாரே தயாரித்து இருநூறு பேருக்குக் குறைவில்லாமல் கொடுக்க முடியும். பழத்தையும் சர்க்கரையையும் பற்றி யோசிப்பதற்கு முன்னால் தண்ணீரையும் ஐஸையும் பற்றி யோசிக்க வேண்டும் என்பதே இதில் முக்கியமானது. விருந்துகளில் பஞ்ச் கெடுவது பெரும்பாலும் இந்த இரண்டால்தான்.

பஞ்ச் என்னும் பானம், 17ஆம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்காரர்கள் வழியாக இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குப் போனதாகப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. சாராயம், எலுமிச்சைச் சாறு, சர்க்கரை, தண்ணீர், மசாலா ஆகியவையே அதன் பழைய சேர்மானம். குடும்ப விழாவுக்குரிய பஞ்சில் சாராயத்துக்கு இடமில்லை. ஆனால் அது கொடுத்த காரத்தையும் தொண்டையில் இறங்கும்போது உண்டாகும் விறுவிறுப்பையும் அப்படியே எடுத்துவிட்டால் எஞ்சுவது வெறும் ஜூஸ்தான். அந்த இடத்தை இஞ்சிச் சாறும் சோடாவும் சேர்ந்து நிரப்புகின்றன. ஆகவே இவை இரண்டையும் அலங்காரச் சேர்க்கையாக எண்ணிக் குறைத்துவிடக் கூடாது.

முதலில் அளவைத் தீர்மானிக்க வேண்டும். 200 மில்லி பிடிக்கும் டம்ளரில் 150 மில்லி ஊற்றுவது சரியான அளவு. அதற்கு மேல் ஊற்றினால் உட்காரும் முன்பே பட்டுப் புடவையில் சிந்தும். மே, ஜூன் மாத மாலை வரவேற்பில் ஆளுக்கு ஒன்றரை டம்ளர் என்று வைத்துக்கொள்ளலாம். சிலர் தொடமாட்டார்கள், பிள்ளைகள் மூன்று முறை வருவார்கள், கடைசியில் கணக்கு அங்கேதான் வந்து நிற்கும். இருநூறு பேருக்கு 45 லிட்டர் ஆகிறது. சிந்துவதற்கும் சேர்த்து 50 லிட்டராக வைத்து, அதைப் பத்து லிட்டர் வீதம் ஐந்து தடவையாகக் கலக்க வேண்டும். ஐம்பது லிட்டரையும் ஒரே அண்டாவில் ஒரே நேரத்தில் கலந்துவிட்டால், எட்டு மணிக்கு வருகிறவருக்கு வாயு போன, வெதுவெதுப்பான பானம்தான் கிடைக்கும்.

தண்ணீர் விஷயத்தில் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்தார் கூடுதல் கவனம் எடுக்க வேண்டிய காரணம் எல்லோருக்கும் தெரிந்ததே. இங்குப் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். மண்டபத்து ஆழ்துளைக் கிணற்று நீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஆனால் ஃபுளோரைடு போகாது; நீர் ஆவியாகும் அளவுக்கு அதன் செறிவு கூடத்தான் செய்யும். இதில் சுவை சார்ந்த இன்னொரு காரணமும் இருக்கிறது. கடின நீரில் உள்ள பைகார்பனேட் உப்புகள் எலுமிச்சையின் புளிப்பை ஓரளவு மழுங்கடித்துவிடுவதால், எத்தனை பழம் பிழிந்தாலும் பானம் எடுப்பாக இருக்காது. எனவே ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரையோ, நம்பகமான கேன் தண்ணீரையோ பயன்படுத்த வேண்டும். ஐஸ் உறைய வைப்பதற்கும் அதே தண்ணீர்தான்.

கூழுக்கு வருவோம். ஆலைகளில் பெரும்பாலும் அடைக்கப்படுவது, நாம் பெங்களூரா என்றும் கிளிமூக்கு என்றும் சொல்லும் தோத்தாபுரி. அதில் சதை அதிகம், நார் குறைவு, இனிப்போடு லேசான புளிப்பும் உண்டு. பஞ்சுக்கு இந்தப் புளிப்பு நல்லதே. அதன் குறை வாசனை போதாமை. அதற்கு அல்போன்சா கூழைச் சிறிது சேர்க்க வேண்டும்: ஐந்து டின்களில் நான்கு பெங்களூரா, ஒன்று அல்போன்சா என்ற விகிதமே போதுமானது. முழுவதும் அல்போன்சாவாகப் போட்டால் செலவும் கூடும், இரண்டாவது டம்ளரில் திகட்டவும் செய்யும். ஏற்றுமதிக்கு அடைக்கப்படும் 3.1 கிலோ டின் ஒன்று, பத்து லிட்டர் பஞ்சுக்குச் சரியாக இருக்கும். வாங்கும்போது சர்க்கரை சேர்த்ததா, சேர்க்காததா என்பதை லேபிளில் பார்த்துக்கொள்ள வேண்டும். மூடி உப்பியிருக்கும் டின்னை, விலை குறைத்துக் கொடுத்தாலும் தொடக் கூடாது. பழமாகவே வாங்கிப் பிழிய விரும்புகிறவர்களுக்கு ஒரு டின்னுக்கு ஈடாக ஐந்தாறு கிலோ பழம் வேண்டியிருக்கும். ஒவ்வொரு பழத்தின் இனிப்பும் வேறுபடும் என்பதால் சர்க்கரையை ஒவ்வொரு தடவையும் சுவைத்துப் பார்த்தே சேர்க்க வேண்டும்.

பத்து லிட்டருக்கான அளவு இது. சர்க்கரை சேர்க்காத மாங்கூழ் ஒரு டின். 750 கிராம் சர்க்கரையை 750 மில்லி தண்ணீரில் காய்ச்சி ஆறவைத்த பாகு. பத்துப் பன்னிரண்டு எலுமிச்சையில் கிடைக்கும் கால் லிட்டர் சாறு. கால் கிலோ இஞ்சியை அரைத்துப் பிழிந்து, மாவு அடியில் படிந்த பின் தெளிவாக இறுத்த 100 மில்லி சாறு. இரண்டு தேக்கரண்டி உப்பு. இரண்டரை லிட்டர் தண்ணீர். இவை சேர்ந்து ஏறக்குறைய ஏழு லிட்டர் அடிக்கலவை ஆகும். மீதி மூன்று லிட்டர் சோடா, அதாவது 750 மில்லி பாட்டில் நான்கு. அதைப் பரிமாறும் நேரத்தில்தான் சேர்க்க வேண்டும். சர்க்கரை சேர்த்த டின்னாக இருந்தால் பாகைப் பாதியாகக் குறைத்துத் தொடங்கி, வேண்டுமானால் கூட்டிக்கொள்ளலாம். உப்பை விட்டுவிடலாமா என்று சிலர் கேட்பார்கள்; விடக் கூடாது, உப்பில்லாத பஞ்சில் மாம்பழத்தின் மணம் பாதிதான் எழும்.

இங்கே பலரும் தடுமாறும் இடம் சுவை பார்ப்பது. குளிர்ச்சி நாவில் இனிப்பை மட்டுப்படுத்தும் என்பதால், அறைச் சூட்டில் அளவாகத் தெரியும் கலவை குளிர்ந்த பின் சப்பென்று இருக்கும். ஆகவே அடிக்கலவையில் 70 மில்லியை ஒரு டம்ளரில் எடுத்து, 30 மில்லி குளிர்ந்த சோடாவைச் சேர்த்து, ஒரு ஐஸ் துண்டு போட்டு ஒரு நிமிடம் வைத்த பிறகே குடித்துப் பார்க்க வேண்டும். முதல் மிடறில் புளிப்பும், நடுவில் பழமும், விழுங்கிய பின் தொண்டையில் இஞ்சியும் தெரிந்தால் கலவை சரி. பழம் மட்டுமே தெரிந்தால் எலுமிச்சை போதவில்லை. இஞ்சி முந்திக்கொண்டால் இன்னும் சிறிது கூழ் வேண்டும்.

எலுமிச்சையை அன்று மதியத்துக்கு மேல் பிழிவதே நல்லது. முந்தின நாளே பிழிந்து வைத்த சாறு கசக்கும். தோலும் விதையும் அகப்படுமாறு அழுத்திப் பிழிவதும் கசப்புக்கு இடம் கொடுக்கும். புதினாவை அரைத்துச் சேர்க்கும் வழக்கம் இருக்கிறது, அது நிறத்தையும் கெடுத்துப் பல்லிலும் ஒட்டும். ஒரு கட்டுப் புதினாவை உள்ளங்கையில் லேசாகத் தட்டி, மெல்லிய துணியில் முடிந்து, அடிக்கலவையில் அரை மணி நேரம் ஊறவிட்டு எடுத்துவிட்டால் மணம் மட்டும் தங்கும்.

இனி ஐஸ். பானத்துக்குள் போடும் ஐஸும், பானத்தைக் குளிர்விக்கும் ஐஸும் வேறு வேறு என்பதை வேலைக்கு வரும் பையன்கள் வரைக்கும் சொல்லிவைக்க வேண்டும். கடையில் பாளமாகக் கிடைக்கும் ஐஸ் பெரும்பாலும் மீனுக்கும் பிற பொருட்களைக் குளிர வைப்பதற்கும் செய்யப்படுவது. உணவுக்கு ஆகாத ஐஸில் நீல நிறம் கலக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் விதித்தது. நிறம் இல்லை என்பதற்காகவே அதைக் குடிக்கத் தக்கது என்று நம்பிவிடவும் கூடாது. அந்தப் பாளத்தை வெளியே மட்டும் பயன்படுத்துங்கள்: 30 கிலோ அளவுக்கு உடைத்து, பெரிய டப்பில் போட்டு, இரண்டு கைப்பிடி கல் உப்பைத் தூவி, அதில் மூடிய அடிக்கலவைப் பாத்திரங்களையும் சோடாப் பாட்டில்களையும் பரிமாறுவதற்கு மூன்று மணி நேரம் முன்பே இறக்கிவிட வேண்டும். உப்பு சேர்ந்த ஐஸ், வெறும் ஐஸைவிடத் தாழ்ந்த வெப்பநிலைக்குப் போகும். ஐஸ் நீர் பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டி உள்ளே புகாத உயரத்தில் இருக்கிறதா என்று இடையிடையே பார்த்துக்கொள்ள வேண்டும்.

பானத்துக்குள் போடும் ஐஸை வீட்டிலேயே இரண்டு நாள் முன்பு தொடங்கி உறைய வைக்கலாம். சிறு கட்டிகள் வேண்டாம். ஒரு லிட்டர் பிடிக்கும் எவர்சில்வர் டிபன் டப்பாக்களில் உறைந்த பெரிய கட்டிகள், பரப்பளவு குறைவு என்பதால் மெதுவாகக் கரைந்து பஞ்சை நீர்க்கச் செய்யாமல் காக்கும். இதைவிடச் சிறந்த வழி, அடிக்கலவையில் ஒரு பகுதியையே கட்டியாக உறைய வைப்பது. மாம்பழ நிறத்தில் மிதக்கும் அந்தக் கட்டி கரையக் கரையச் சுவை கூடுமே தவிரக் குறையாது. சர்க்கரை இருப்பதால் அது உறைய ஓர் இரவு முழுவதும் ஆகும், கல்போல் இறுகாது, சற்று விரைவாகவும் கரையும். எனவே தண்ணீர்க் கட்டி ஒன்றுக்குப் பஞ்ச் கட்டி ஒன்று என்று போடுவதே நடைமுறைக்கு ஒத்து வரும்.

பாத்திரம் எவர்சில்வராகவே இருக்க வேண்டும். பார்வைக்கு அழகாக இருக்கும் என்று பித்தளை அண்டாவையோ செம்புக் குடத்தையோ எடுத்தால், எலுமிச்சைப் புளிப்பில் உலோகம் கரைந்து களிம்பேறும். குழாய் வைத்த டிரம்மில் பரிமாறுவதானால் கூழை ஒரு முறை வடிகட்டிவிடுங்கள், இல்லையேல் நார் அடைத்துக்கொள்ளும். அகன்ற பாத்திரத்தில் கரண்டியால் மொண்டு ஊற்றுவது பார்க்கப் பாந்தமாக இருந்தாலும், மாம்பழக் காலத்து ஈக்களுக்கும் விளக்கு வெளிச்சத்துக்கு வரும் பூச்சிகளுக்கும் அது திறந்த அழைப்பு. மெல்லிய வெள்ளைத் துணியை விளிம்பைச் சுற்றிக் கட்டி, ஒரு பக்கம் மட்டும் மடித்துத் திறக்கும்படி வைக்கலாம்.

டம்ளர் விஷயத்தில் சட்டமும் வசதியும் ஒரே பக்கம் நிற்கின்றன. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் டம்ளர், பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப், உறிஞ்சு குழல் எல்லாம் தடை செய்யப்பட்டவை. பாத்திர வாடகைக் கடையில் 120 எவர்சில்வர் டம்ளர்களை எடுத்து, கழுவுவதற்கென்று ஒருவரை நிறுத்தினால் இருநூறு பேருக்குத் தட்டுப்பாடு வராது. எவர்சில்வரில் குளிர்ச்சி கையிலேயே தெரியும். அதுவும் ஒரு சுகம்தான்.

பரிமாறும் மேசையை நுழைவாயிலிலேயே போடுவது வழக்கம். அது வேண்டாம், பன்னீர் தெளிப்பவர்களும் சந்தனம் கொடுப்பவர்களும் அங்கே ஏற்கெனவே நெருக்கியடித்துக்கொண்டு நிற்பார்கள். பத்தடி உள்ளே தள்ளி, சுவரோரமாக, இரண்டு பக்கமும் வரிசை நிற்க இடம் விட்டுப் போட வேண்டும். கலப்பதற்கு ஒருவர், ஊற்றுவதற்கு இருவர், தட்டில் ஏந்திப் போக ஒருவர் என்று பெயர் சொல்லிப் பொறுப்புக் கொடுங்கள். கலப்பவர் ஏழு லிட்டர் அடிக்கலவையைப் பாத்திரத்தில் ஊற்றி, கட்டி ஐஸை இறக்கி, சோடாவைப் பாத்திரத்தின் பக்கச் சுவரோடு சரியவிட்டு ஊற்றி, நீண்ட கரண்டியால் அடியிலிருந்து மேலாக இரண்டே முறை புரட்ட வேண்டும். அதற்கு மேல் கலக்கினால் வாயு பறந்துவிடும். ஒரு நேரத்தில் இருபது டம்ளருக்கு மேல் ஊற்றி வைக்காதீர்கள். முதியவர்களுக்கு அவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கே தட்டில் கொண்டு போக வேண்டும்; சர்க்கரை நோயாளிகளுக்கென்று ஒரு பானை நீர்மோர் அதே மேசையில், வாய்விட்டுக் கேட்க வேண்டிய அவசியமில்லாதபடி, எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும்.

பந்தி தொடங்குவதற்கு அரை மணி முன்னால் பஞ்சை நிறுத்திவிட வேண்டும். இனிப்பான பானத்தைக் குடித்துவிட்டு நேராக இலையில் உட்காருகிறவர் பாதிச் சோற்றை வைத்துவிட்டு எழுந்தால், குறை சமையல்காரர் மேல் விழும். கலந்து வெளியே வைத்த பஞ்ச் இரண்டு மணி நேரத்துக்குள் தீர வேண்டும். சோடா சேராத அடிக்கலவை மிஞ்சினால், மூடியபடி குளிரிலேயே இருந்ததை மட்டும் ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் வீட்டில் தங்கும் உறவினர்களுக்குக் கொடுக்கலாம். திறந்த டின்னில் எஞ்சிய கூழை டின்னிலேயே விடாமல் எவர்சில்வர் டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள். சோடா சேர்த்தது மிஞ்சினால், பந்தி பரிமாறி ஓய்ந்து உட்காரும் ஆட்களுக்கு அப்போதே ஊற்றிக் கொடுத்துவிடலாம்.