தொடை உரசலுக்கு ஒரு வழி

110 கிலோ உடம்போடு 21.1 கிலோமீட்டர் அரை மாரத்தானுக்குத் தயாரானபோது மூச்சு ஒத்துழைத்தது, தொடைகள்தான் மறுத்தன. மெரினாவில் விடியற்காலையிலேயே வியர்வை ஊற்றும். அது காய்ந்து உப்புப் படிந்தால் ஒவ்வொரு எட்டுக்கும் தோல் உரசி, குளிக்கும்போது உயிர் போகும். பவுடர் நனைந்ததும் திரண்டுவிடும், உதவாது. பருத்தித் துணி ஈரத்தை விடாது.

எனக்குச் சரிப்பட்டது, முழங்காலுக்குச் சற்று மேல்வரை இறுக்கிப் பிடிக்கும் பாலியஸ்டர் ஷார்ட்ஸ். உள்தொடையில் தையல் வராததாகப் பார்த்து வாங்க வேண்டும். (பெரிய அளவு கேட்டால் கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.) அப்புறம், கிளம்பும் முன் உள்தொடையிலும் அக்குளிலும் வாசலின் தாராளமாகத் தடவுவேன். நீண்ட ஓட்டமென்றால் பாதி வழியில் இன்னொரு முறை. அதற்கென்றே இடுப்புப் பையில் ஒரு சின்ன டப்பா.