பட்டறைப் படத்துக்குச் சின்ன கேமரா போதும்

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்களுடையது 2 லேத், ஒரு டிரில்லிங் மெஷின் உள்ள பட்டறை. முடித்த ஜாபை, அதாவது கடைந்து முடித்த பாகத்தை, கஸ்டமருக்குப் படம் எடுத்து அனுப்ப நான் வைத்திருப்பது சட்டைப்பைக்குள் அடங்கும் பழைய கேனான். அதுவே தாராளம். படம் கெடுவது பெரும்பாலும் வெளிச்சத்தால்தான்.

முதலில் ஃபிளாஷை அணையுங்கள். கடைந்த பித்தளையில் அது பட்டால் நடுவில் வெள்ளையாக ஒரு பொட்டுதான் மிஞ்சும். ஜாபைத் துணியால் துடைத்து, ஷட்டர் கதவுப் பக்கம், நேர் வெயில் விழாத இடத்துக்குக் கொண்டு போங்கள். வெளிச்சம் ஒரு பக்கமாக வரட்டும். எதிர்ப்பக்கம் வெள்ளை சார்ட் அட்டையை நிறுத்தினால் நிழல் இளகும். போன வாரம் மரை போட்ட ஒரு பித்தளை புஷ்ஷை (குழாய் போன்ற சின்ன பாகம்) அப்படி வைத்து மெல்லத் திருப்பினேன். வெளிச்சம் மரைக்குக் குறுக்கே சாய்ந்து விழுந்ததும் ஒவ்வொரு புரியும் தனித்தனியாக எழுந்து நின்றது. கடைசிப் புரியில் தலைமுடி கனத்துக்கு ஒரு பிசிறு! கண்ணுக்குத் தப்பியது படத்தில் மாட்டியது. அரம் போட்டு எடுத்துவிட்டு மறுபடி எடுத்தேன்.

அங்கே டியூப் லைட் எரிந்தால் அணைத்துவிடுங்கள். பகல் வெளிச்சத்தோடு அது கலந்தால் எஃகின் நிறம் பக்கத்துக்குப் பக்கம் மாறும்.

கிட்டத்தில் எடுப்பதற்கான, பூப் படம் போட்ட மேக்ரோவை வையுங்கள். ஆனால் லென்ஸை ஜாபோடு ஒட்டாதீர்கள். முன்பக்கம் மட்டும் பெருத்து, அளவே தப்பாகத் தெரியும். ஒரு சாண் தள்ளி எடுத்து, கம்ப்யூட்டரில் ஓரங்களை வெட்டிக்கொள்ளலாம். பக்கத்தில் ஒரு ஸ்டீல் ஸ்கேல் இருக்கட்டும்.

ஐஎஸ்ஓ, அதாவது வெளிச்சத்துக்கு கேமராவின் உணர்திறன், 100-இல் இருக்கட்டும். சின்ன சென்சார் என்பதால் 400-ஐத் தாண்டினால் படம் மணல் தூவியது போல ஆகிவிடும். 100-இல் கேமராவின் ஷட்டர் மெதுவாகத்தான் விழும், கை தாங்காது. கேமராவை மரக்கட்டை மேல் வைத்து 2 நொடி டைமர் போடுங்கள். பக்கத்து லேத் ஓடினால் மேஜையே அதிரும், அது நிற்கும் வரை பொறுங்கள்.

லேத்தில் ஜாபைப் பிடித்துச் சுழற்றும் ‘சக்’ ஓடும்போது அதைப் படம் எடுப்பதானால் கேமராக் கயிறு கழுத்தில் தொங்கவே கூடாது. கழற்றி வைத்துவிட்டு, தள்ளி நின்று ஜூம் செய்யுங்கள். கிரைண்டிங் நடக்கும்போது கேமராவை வெளியே எடுக்கவே வேண்டாம். நீண்டு வரும் லென்ஸின் இடுக்கில் பொடி புகுந்தால் அப்புறம் லென்ஸ் உள்ளே போகாமல் சிக்கும்.

ஏசி அறையிலிருந்து எடுத்து வந்தால் சென்னைப் புழுக்கத்தில் லென்ஸ் வேர்த்துவிடும். மூடிய கவரிலேயே அரைமணி நேரம் வைத்துவிட்டுத் திறங்கள்.