டர்போ காரில் வேகமெடுக்க எந்தக் கியர்?

டர்போ பொருத்திய மேனுவல் காருக்குப் புதிதாக மாறியவர்களைக் குழப்புவது ஒன்று உண்டு: அதே கார் ஒரு நேரம் பாய்ந்து போகிறது, இன்னொரு நேரம் ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதித்தாலும் இழுக்க மறுக்கிறது. பெரும்பாலும் இது வண்டியின் கோளாறாக இருக்காது. அந்த நேரத்துக்குப் பொருந்தாத கியரில் வண்டி ஓடுகிறது, அவ்வளவுதான்.

இன்ஜினிலிருந்து வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்ற, அதே தண்டில் இருக்கும் மற்றொரு சக்கரம் காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் செலுத்துவதே டர்போவின் வேலை. 1,200 ஆர்.பி.எம்.மில் (இன்ஜின் ஒரு நிமிடத்தில் சுழலும் எண்ணிக்கை) வெளியேறும் புகை அதற்குப் போதாது என்பதால், அந்த நிலையில் உங்களிடம் இருப்பது கிட்டத்தட்ட டர்போ இல்லாத ஒரு சிறிய இன்ஜின் மட்டுமே. ஆகவே கியரைத் தேர்ந்தெடுக்கும்போது ஸ்பீடோமீட்டரைவிட ஆர்.பி.எம். முள்ளுக்கே முதலிடம் தர வேண்டும்.

முதலில், உங்கள் இன்ஜினின் உச்ச டார்க் (சுழற்றும் விசை) எந்த ஆர்.பி.எம்.மில் கிடைக்கிறது என்பதைக் காரின் கையேட்டில் பாருங்கள். சிறிய டர்போ பெட்ரோல் இன்ஜின்கள் பலவற்றில் அது ஏறத்தாழ 1,750 முதல் 4,000 வரை நீடிக்கும். டீசலில் பெரும்பாலும் 2,500, 3,000 அளவிலேயே சரியத் தொடங்கிவிடும். அடுத்து, சமதளச் சாலையில் ஒவ்வொரு கியரிலும் 2,000 ஆர்.பி.எம்.மில் வண்டி என்ன வேகத்தில் போகிறது என்று பார்த்து, அதில் பாதியை, அதாவது 1,000 ஆர்.பி.எம்.முக்கான வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒருமுறை செய்தால் போதும். இந்தக் கணக்கு அந்தக் கார் இருக்கும்வரை மாறாது.

ஒரு காரில் 1,000 ஆர்.பி.எம்.முக்கு மூன்றாம் கியர் 21 கி.மீ., நான்காம் கியர் 30 கி.மீ., ஐந்தாம் கியர் 40 கி.மீ. வேகம் தருகிறது என்று கொள்வோம். 60 கி.மீ. வேகத்தில் ஒரு லாரியின் பின்னால் ஐந்தாம் கியரில் போகிறீர்கள். முள் 1,500இல் நிற்கிறது. அப்படியே மிதித்தால் வண்டி முனகும், லாரியின் பின்பக்கம் நகராமல் கண்முன்னேயே நிற்கும். நான்காம் கியர் 2,000இலும், மூன்றாம் கியர் சுமார் 2,850இலும் கொண்டுபோய் விடும். 90 கி.மீ. வரை வேகமெடுத்து முந்த வேண்டுமென்றால் மூன்றாம் கியர் சுமார் 4,300இல் முடியும், நான்காம் கியர் 3,000இல் முடியும். பெட்ரோல் காரென்றால் நான் தயங்காமல் மூன்றாம் கியருக்கே வருவேன்; சக்கரத்தில் நான்காம் கியரைவிட ஏறக்குறைய 1.4 மடங்கு இழுவை கிடைக்கும். டீசலில் மூன்றாம் கியர் தொடக்கத்தில் வலுவாக இழுத்தாலும், லாரிக்கு இணையாகப் போகும்போது மூச்சு வாங்கி கியர் மாற்ற வைக்கும் என்பதால் நான்காம் கியரே நிம்மதி.

சரியான கியரிலும் டர்போ அழுத்தம் பிடிக்க ஒரு கணம் ஆகும். எனவே வெளியே வந்து மிதிப்பதைவிட, பின்னால் இருக்கும்போதே கியரைக் குறைத்து, கிளட்சை விடுமுன் லேசாக ஆக்ஸிலரேட்டர் கொடுத்து ஆர்.பி.எம்.மை உயர்த்திவைத்து, பாதை தெளிவான பிறகு முந்துவதே முறை. ஏற்றத்திலும் வேகம் விழும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே கியரைக் குறைக்க வேண்டும்.

கியரை உயர்த்தும்போது, அடுத்த கியரில் முள் எங்கே விழும் என்று யோசியுங்கள். மேலே சொன்ன காரில் மூன்றாம் கியரை 4,000இல் விட்டால் நான்காம் கியர் 2,800இல் பிடித்துக்கொள்ளும். 1,000 ஆர்.பி.எம்.முக்கு 13 கி.மீ. தரும் இரண்டாம் கியரை 2,000இலேயே விட்டால் மூன்றாம் கியர் 1,240இல் விழுந்து சோர்ந்துவிடும். கியரை உயர்த்தச் சொல்லும் அம்புக்குறி எரிபொருள் சிக்கனத்துக்கானது; வேகமெடுக்கும்போது அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

குறைந்த ஆர்.பி.எம்.மில் உயர் கியரில் முழுதாக மிதிக்கும் பழக்கத்தை நான் வன்மையாக எதிர்க்கிறேன். நேரடி எரிபொருள் செலுத்தும் டர்போ பெட்ரோல் இன்ஜின்களில், தீப்பொறி வருமுன்பே கலவை பற்றிக்கொண்டு பிஸ்டனையே உடைக்கும் ஆபத்து இந்த நிலையில்தான் அதிகம். 2020இல் வந்த ஏ.பி.ஐ. (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) எஸ்.பி. தர இன்ஜின் ஆயில் இதைக் குறைப்பதற்கான சோதனையில் தேறியது. ஆனாலும் கால் பழக்கத்துக்கு அது மாற்றாகாது.

மறுபக்கம், கியரை அளவுக்கு மீறிக் குறைப்பதும் கேடுதான். 100 கி.மீ. வேகத்தில் கை தவறி இரண்டாம் கியர் விழுந்தால் அதே கணக்குப்படி இன்ஜின் 7,700ஐத் தொடும். சக்கரங்களே இன்ஜினைச் சுழற்றுவதால் எரிபொருளைத் துண்டிக்கும் கட்டுப்பாட்டால் அதைத் தடுக்க முடியாது. நனைந்த சாலையில் டர்போவின் இழுவை திடீரென்று வந்து சக்கரம் வழுக்கக்கூடும் என்பதால், அங்கே மட்டும் ஒரு கியர் கூடுதலாகவே வைத்து மெதுவாக மிதியுங்கள்.